சோறு உண்டும் தேறாத பிள்ளைகள்

இரட்டைப் பிள்ளைகள் இருவர். ஒரே தாயின் பாலைக் குடித்தவர்கள். ஒரே பானையில் கிண்டிய மக்காச்சோளக் களியை உண்பவர்கள். அவ்விருவரில் ஒரு பிள்ளைக்குக் கால் வீங்குகிறது, முகம் ஊதுகிறது, தலைமயிர் செம்பட்டையாகிறது. மற்றப் பிள்ளையோ முற்றத்தில் ஓடி விளையாடுகிறது. இட்ட கையும் ஒன்றே, இட்ட உணவும் ஒன்றே. அங்ஙனமிருக்க, ஒன்றை மட்டும் நோய் பற்றுவானேன்? ஆப்பிரிக்காவின் தென்கிழக்கிலுள்ள மலாவி நாட்டில், இரட்டையர் பலர் பிறக்கும் கிராமங்களில், மருத்துவர்களை நெடுநாள் வாட்டிய கேள்வி இது.

அந்த வீக்க நோய்க்குக் குவாஷியோர்கர் என்று பெயர். இன்று கானா எனப்படும் அன்றைய தங்கக் கடற்கரையில் பணிபுரிந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1933-ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினார். 1935-இல், அங்குள்ள கா மொழி பேசும் மக்கள் வழங்கி வந்த பெயரையே மருத்துவ உலகிற்கும் தந்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்மடியை இழந்துவிட்ட முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் பொருள். மருத்துவ நூல்கள் தேடித் தேடிச் சூட்டும் கிரேக்கப் பெயர்கள் எதிலும் இவ்வளவு துயரமும் இவ்வளவு உண்மையும் அடங்கியிருப்பதாக நமக்குத் தெரியவில்லை. தாய்ப்பால் நின்று வெறும் கஞ்சிக்கு மாறிய பிள்ளைக்குப் புரதம் போதாமையே நோய்க்குக் காரணம் என்று பல்லாண்டுகள் எண்ணினர். ஆனால் இரட்டையரில் ஒருவர் மட்டும் நோயுறுவதை அந்த எண்ணம் விளக்கவில்லை.

விடை தேடிப் புறப்பட்டவர்களில் ஒருவர், அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஜெஃப்ரி கார்டன். அவருடைய குழுவினரும் அவர்களுடன் உழைத்தவர்களும் மலாவியில் 317 இரட்டையர் ஜோடிகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தனர். ஏறத்தாழப் பாதி ஜோடிகளில் இரு பிள்ளைகளும் நலமாக வளர்ந்தன. ஆனால் 100-க்கு 43 ஜோடிகளில் ஒரு பிள்ளை மட்டும் கடும் ஊட்டக்குறைவுக்கு ஆளாயிற்று.

அவர்கள் செய்த சோதனை கூர்ந்து நோக்கத்தக்கது. பிறந்தது முதல் ஒரு நுண்ணுயிரும் அண்டாதபடி மூடிய கூடுகளில் வளர்க்கப்படும் எலிகள் உண்டு. நோயுற்ற பிள்ளையின் மலத்திலிருந்து எடுத்த குடல் நுண்ணுயிர்களைச் சில எலிகளுக்குள்ளும், நலமாயிருந்த உடன்பிறப்பின் நுண்ணுயிர்களை வேறு சில எலிகளுக்குள்ளும் குடியேற்றினர். இரு சாராருக்கும் மலாவி மக்கள் உண்ணும் ஏழை உணவையே அளித்தனர். நோயுற்ற பிள்ளையின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகள் எடை குன்றி மெலிந்தன. மற்றவை அவ்வாறு மெலியவில்லை. சத்துமிக்க உணவைக் கொடுத்தபோது மெலிந்தவையும் தேறின. ஆக, உணவு மட்டுமோ நுண்ணுயிர் மட்டுமோ அன்று, இரண்டும் கூடியே கேடு விளைத்தன. 2013-இல் வெளியான இம்முடிவு, கிருமி என்றாலே கொன்றொழிக்க வேண்டிய பகை என்று எண்ணிப் பழகிய நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

நம் குடலில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாடகை தராத குடிகள் அல்ல. தாய்ப்பாலையே எடுத்துக்கொள்வோம். லாக்டோஸ் என்னும் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதில் மிகுந்திருப்பவை, சங்கிலிபோல் கோத்த ஒருவகைச் சர்க்கரைகள். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆனால் குழந்தையால் அவற்றைச் செரிக்கவே இயலாது! தன் இரத்தத்தைப் பாலாக்கிக் கொடுக்கும் தாய், பிள்ளைக்கு உதவாத பண்டத்தை அதில் ஏன் கலக்க வேண்டும்? அது பிள்ளையின் குடலிலுள்ள நுண்ணுயிர்களுக்கான பங்கு. பிஃபிடோபாக்டீரியம் என்னும் இனத்தை, பாலுண்ணும் குழந்தைகளின் மலத்தில் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி டிசியே 1899-லேயே கண்டறிந்திருந்தார். அவ்வினத்தைச் சேர்ந்த இன்ஃபாண்டிஸ் என்னும் வகை இச்சர்க்கரைகளைத் தின்று செழிக்கிறது. கைம்மாறாக அது சுரக்கும் அமிலங்கள் தீய கிருமிகளைத் தடுத்து நிற்கின்றன. கடும் ஊட்டக்குறைவுற்ற வங்கதேசத்துக் கைக்குழந்தைகளின் குடலில் இந்த நுண்ணுயிர் மிகக் குறைந்திருந்ததையும், அதனை மருந்துபோல் கொடுத்தபோது அவர்களின் எடை கூடியதையும் 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வங்கதேசத் தலைநகர் டாக்காவில் இயங்கும் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி நிலையத்திற்கு இந்த வரலாற்றில் தனி இடமுண்டு. அதன் முன்னோடியான காலரா ஆய்வுக்கூடத்தில்தான், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கச் செய்தே காலரா நோயாளிகளைக் காக்கலாம் என்பது 1968-இல் மெய்ப்பிக்கப்பட்டது. அந்நிலையத்தின் டாக்டர் தமீத் அகமது, கார்டனோடு கைகோத்தார். மிர்பூர் என்னும் குடிசைப் பகுதியின் பிள்ளைகளை மாதந்தோறும் ஆராய்ந்தபோது, குழந்தை தவழ்ந்து, நின்று, நடப்பதுபோல் அதன் குடல் நுண்ணுயிர்க் கூட்டமும் படிப்படியாக முதிர்கிறது என்று கண்டனர். ஊட்டக்குறைவுற்ற பிள்ளைகளிடமோ அக்கூட்டம் வயதுக்கேற்ற முதிர்ச்சி பெறவில்லை. பிள்ளை நடக்கும் வயதை எட்டியும் அதன் குடல் கைக்குழந்தைப் பருவத்திலேயே தங்கிவிட்டது. வழக்கமான சத்துணவு தந்தபோது சிறிது முதிர்ந்து, சிகிச்சை முடிந்ததும் பின்தங்கிற்று. உயிர் பிழைத்த பிள்ளைகள் பலர் ஏன் உயரத்திலும் எடையிலும் தேறுவதில்லை என்பதற்கு 2014-இல் கிடைத்த ஒரு விளக்கம் அது. உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்தோர் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாலரைக் கோடிப் பேர் என்றால், இக்கேள்வியின் பாரம் விளங்கும்.

பின்தங்கிய நுண்ணுயிர்களை முதிர்விக்கும் உணவு எது? விலையுயர்ந்த மருந்தை அவர்கள் தேடவில்லை. அந்நாட்டுச் சந்தையிலேயே தேடினர். எலிகளிடமும் பன்றிக்குட்டிகளிடமும் முதலில் சோதித்து, பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். முடிவில் நின்றவை கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் ஆகிய நான்கு. இவற்றோடு சர்க்கரையும் எண்ணெயும் வைட்டமின்களும் தாது உப்புகளும் சேரும். 12 முதல் 18 மாத வயதுடைய பிள்ளைகளுக்கு மூன்று மாத காலம் நாளைக்கு இருவேளை கொடுத்தனர். மற்றொரு சாராருக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர் கலந்த வழக்கமான உணவு. 118 பிள்ளைகள் சோதனையை நிறைவு செய்தனர். 2021-இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. புதிய உணவில் கலோரி குறைவு. ஆயினும் அதை உண்டவர்களே விரைவாக எடை கூடினர்! எலும்பு வளர்ச்சிக்கும் நரம்பு வளர்ச்சிக்கும் துணைநிற்கும் புரதங்களும் அவர்களின் இரத்தத்தில் கூடுதலாக உயர்ந்தன. பிரிவோடெல்லா கோப்ரி என்னும் பாக்டீரியாவின் சில வகைகளே இவ்வுணவின் நார்ச்சத்தை உடைத்துத் தரும் முக்கிய வேலையாட்கள் என்று 2024-இல் தெளிந்தனர்.

இதைப் படிக்கும் தாய்மார் சிலர், நான்கும் நம் அடுக்களையில் உள்ளவைதாமே என்று உடனே உரலைத் தேடக்கூடும். பொறுத்தருள்க. பக்குவமாக வேகவைத்து, அளந்து, சத்துகள் சேர்த்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்த உணவு அது. மெலிந்த பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் வீட்டுப் பக்குவத்தை நம்பியிருப்பது ஆபத்து. முழு நிலக்கடலையோ சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நுண்ணுயிர் என்ற பெயரைச் சொல்லிக் கடைகளில் விற்கும் டப்பாக்கள் எல்லாம் இவ்வாறு சோதிக்கப்பட்டவை என்றும் எண்ண வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற பழைய அறிவுரைக்கு இந்த ஆராய்ச்சி புதிய காரணம் ஒன்றைத் தந்திருக்கிறது. சாதாரணச் சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் புகட்டும் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். சளிக்குக் காரணமான வைரசை அம்மருந்து தொடாது, குடலிலுள்ள நல்ல குடிகளையோ வாரிக்கொண்டு போகும்.

மிர்பூரில் அந்த உணவைக் கொடுத்தது மூன்று மாதம். நிறுத்திய பின் கவனித்தது ஒரு மாதம். ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாவதற்கோ பதினெட்டு ஆண்டுகள் செல்லும்.