மேசை மேல் ஒரு குட்டிக் குளம்

பிள்ளை ஆசைப்பட்டதே என்று கடையில் ஒரு சண்டை மீனையும் சிறு கண்ணாடிக் குவளையையும் வாங்கி வருகிறோம். முதல் நாள் வீடே அதைச் சுற்றி நிற்கும். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கும். அடுத்த வாரம் ஒரு காலையில் மீன் மிதக்கும், பிள்ளை அழும். "இனிமேல் மீனே வேண்டாம்" என்று அம்மா குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். லயத்து வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாயில் இதே சண்டை மீன் பம்பும் மோட்டாரும் இல்லாமல் வாழ்ந்ததே! நீலாயில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று தாமான்களும் தொழிற்பேட்டைகளும் கல்லூரிகளும் வந்துவிட்டன. அந்தக் கால்வாயில் இருந்து, நம் குவளையில் இல்லாதவை இரண்டு: மண்ணும் செடியும்.

மீன் ஏன் சாகிறது?

மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. மண்ணிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடிகள் இவற்றை உரமாக எடுத்துக்கொள்கின்றன. வெறும் குவளையில் இந்த வேலையைச் செய்ய ஆளில்லை.

அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட 'எகாலஜி ஆஃப் தி பிளான்டட் அக்குவேரியம்' என்ற நூல் இந்த இயற்கை முறையை உலகெங்கும் பரப்பியது. அடியில் சாதாரண மண், மேலே மணல், நிறையச் செடிகள். தொட்டியைக் காப்பது பெரும்பாலும் இவைதான். குளிர் நாட்டவர் தண்ணீரைச் சூடாக்கத் தனிக் கருவி வாங்க வேண்டும். நம் நாட்டு வெயிலில் அந்தச் செலவும் இல்லை.

என்ன தேவை?

30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 25 உயரமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும். நிரம்பினால் 15 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் உறுதியான மேசை வேண்டும். நேர் வெயில் படக்கூடாது. பட்டால் பாசி பிடிக்கும். எட்டு மணி நேரம் எரியும் எல்இடி மேசை விளக்கு போதும்.

உரம் கலக்காத தோட்ட மண்ணை இரண்டரை சென்டிமீட்டர் பரப்புங்கள். களைக்கொல்லி அடித்த செம்பனைக் காட்டு மண் வேண்டவே வேண்டாம். அதன்மேல் கழுவிய மணல் இரண்டரை சென்டிமீட்டர். மணலை ஈரமாக்கிச் செடிகளை நட்டபின், ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெல்லத் தண்ணீர் ஊற்றினால் மண் கலங்காது. குழாய் நீரில் குளோரின் இருக்கும். மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கித் திரவத்தைக் கலந்தபிறகே ஊற்றுங்கள்.

தொடக்கக்காரர்களுக்கு மூன்று செடிகள் போதும். வேகமாக வளரும் ஹைட்ரில்லா நஞ்சை விரைவாக உறிஞ்சும். ஜாவா ஃபெர்ன் நம் காட்டு ஓடைப் பாறைகளிலும் வளர்வது. அதன் தண்டை மணலில் புதைக்காமல் கல்லில் நூலால் கட்டுங்கள். மூன்றாவது கிரிப்டோகோரைன் வென்டி. இயற்கையில் இலங்கையில் மட்டுமே வளர்வது. நட்டதும் இதன் இலைகள் கரைந்து விழக்கூடும். செத்துவிட்டதென்று பிடுங்காதீர்கள், வேர் இருந்தால் மறுபடியும் துளிர்க்கும்.

காத்திருக்கும் காலம்

பலர் தவறுவது இங்கேதான். நுண்ணுயிர்கள் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மீன் கடையில் கிடைக்கும் சோதனைத் திரவத்தால் பார்க்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்று காட்டினால் தொட்டி தயார்.

ஆனால் மீனில்லாத தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம். அதன் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வீட்டில் கொசு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி 500 ரிங்கிட் அபராதம் வரலாம். அதைவிடப் பெரிய இழப்பு டிங்கிக் காய்ச்சல். எனவே தொட்டியின் வாயைக் கொசுவலையால் மூடி, இடைவெளி இல்லாமல் ரப்பர் வளையம் போடுங்கள். வாரம் இருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு மீன்

15 லிட்டருக்கு ஒரு சண்டை மீன் போதும். இரண்டு ஆண்களை விட்டால் அடித்துக்கொள்ளும். இது நீர்மட்டத்துக்கு வந்து நேராகக் காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் காற்று பம்ப் இல்லாமல் வாழ்கிறது. துள்ளி வெளியே விழும் என்பதால் வலை அப்படியே இருக்கட்டும். மேலே சில சென்டிமீட்டர் காலியிடமும் விடுங்கள். தப்பித் தவறி வரும் கொசுப்புழுவை அதுவே தின்றுவிடும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி. பிறகு வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். எடுத்த தண்ணீர் பூச்செடிக்கு நல்ல உரம்.

ஆற்றில் விடாதீர்கள்

அலுத்துப்போனால் மீனையோ செடியையோ கால்வாயில் கொட்டிவிடக் கூடாது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய நாம் வாங்கிய 'ஈக்கான் பண்டாராயா' தென் அமெரிக்க மீன். வளர்ந்ததும் அதை ஆற்றில் விட்டவர்களால் இன்று லங்காட் ஆற்றில் அது பெருகிக் கிடக்கிறது. தன்னார்வலர்கள் கூடிப் பிடித்து அழிக்கிறார்கள். நீலாய் வழியே ஓடும் பாத்தாங் பெனார் ஆறும் அதே லங்காட் படுகையைச் சேர்ந்ததுதான். மீனை இன்னொருவருக்குக் கொடுங்கள். வெட்டிய செடிகளை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

பிள்ளை முதல் நாளே மீன் கேட்டு அடம் பிடிக்கும். நாள்காட்டியில் ஆறு வாரத்தைக் குறித்துக் கொடுங்கள். இன்று புது இலை வந்ததா, தண்ணீர் தெளிந்ததா என்று அது தினமும் பார்க்கட்டும். அந்த ஆறு வாரம் பொறுத்த பிள்ளைக்கு அடுத்த வாரமே அழ வேண்டி வராது.