கேப்டனுக்கு முட்டி போச்சு, கைக்கு மைக் வந்தாச்சு!

குற்றாலச் சாரலுக்கும் கால்பந்துக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் இருக்கிறது. உலகக் கோப்பை என்றாலும் யூரோ என்றாலும் ஜூன், ஜூலைதான். 2022-ல் கத்தார் மட்டும் வெயிலுக்குப் பயந்து நவம்பருக்கு ஓடியது. மற்றபடி, ஐந்தருவியில் தண்ணீர் விழுகிற ராத்திரிகளில்தான் உலகத்தின் எந்த மூலையிலோ பந்து உருளும். அப்போது இங்குள்ள லாட்ஜ் வரவேற்பறைகளைப் பார்க்க வேண்டுமே! தோளில் ஈரத் துண்டு, காற்றில் நல்லெண்ணெய் வாசனை, ஆரியங்காவு தாண்டி வந்து இறங்கிய மலையாளிக் கூட்டம், டிவியில் அர்ஜென்டினா. பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் முடித்துவிட்டு வருகிறவர் நின்றபடியே "ஸ்கோர் என்ன அண்ணாச்சி?" என்று கேட்பார். கோல் விழவில்லை என்றால் மாடிக்குப் போய்விடுவார்.

நான் போகமாட்டேன். இடைவேளையில் கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு மேசைக்குப் பின்னால் வந்து உட்காருவார்களே, அவர்கள்மேல்தான் எனக்குக் கண். அதிலும் காயம்பட்ட கேப்டன் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் கெட்டது. ஆட முடியாத எரிச்சல், ஆடுகிற பயல்களின் ரகசியம், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்ற தடுமாற்றம், எல்லாம் அந்த ஒரு முகத்தில் ஓடும். கோலைவிட அது பெரிய காட்சி!

வாருங்கள், அந்த மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்துவிடுவோம். மேலே கோட்டு, சட்டை, பவுடர் போட்டு மினுமினுப்பு அடக்கிய நெற்றி. கேமரா இடுப்போடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே அவரவர் இஷ்டம்! ஜீன்ஸ் போடலாம், பழைய கேன்வாஸ் ஷூ போடலாம், முட்டியில் பட்டை கட்டிய காலை முக்காலியில் நீட்டியும் வைக்கலாம். வீட்டில் பார்க்கிறவருக்குத் தெரியப்போவதில்லை. சட்டைக் காலருக்குப் பின்னால் கழுத்தோடு ஒரு மெல்லிய வயரை டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். அது காதுக்குப் போகிறது. நீங்கள் "இடது பக்கம் காலியாகக் கிடக்கிறது" என்று ஞானம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் காதுக்குள் ஒருவர் பத்து, ஒன்பது, எட்டு என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருவார். பூஜ்யம் வருவதற்குள் வாக்கியம் முடிய வேண்டும். முடியாவிட்டால் விளம்பரம் உங்கள் கழுத்தை அறுத்துவிடும்.

இன்னொரு குட்டு. இடைவேளை விசில் ஊதியதும் அவர்கள் யோசிக்கத் தொடங்குவதில்லை. ஆட்டம் ஓடும்போதே, பக்கத்தில் இருக்கும் உதவியாளரிடம் "அந்தத் துண்டை எடுத்து வை" என்று சொல்லியாகிவிடும். நாற்பதாவது நிமிஷத்துக்குள் பாடம் தயார். 43-ல் ஒரு கோல் விழுந்தால் அத்தனையும் குப்பை! 15 நிமிட இடைவேளையில் விளம்பரம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். வர்ணனையாளர் மைதானத்தில் இருக்கிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்; அவர் பல நேரம் எங்கோ தொலைவில் ஒரு குளிர்சாதன அறையில், நம்மைப் போலவே டிவியைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருப்பார்.

சரி, இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த கேப்டன்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: டேனி பிளாஞ்ச்ஃப்ளவர்.

1926-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். வட அயர்லாந்துக்கு கேப்டன். 1958 உலகக் கோப்பையில் அந்தச் சின்ன அணியைக் கால் இறுதி வரை கூட்டிப்போனவர். லண்டன் டாட்டன்ஹாம் அணிக்கும் கேப்டன். 1960-61-ல் அந்த அணி லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரே பருவத்தில் தூக்கியது. இருபதாம் நூற்றாண்டில் அதற்குமுன் இங்கிலாந்தில் யாரும் செய்யாத காரியம். ஆள் வாய்க்கொழுப்புக்காரர், ஆனால் அழகான வாய்க்கொழுப்பு. 1961 இறுதிப் போட்டிக்கு முன்னால் கென்ட் சீமாட்டி கை குலுக்க வருகிறார். "எதிரணிக்காரர்கள் உடுப்பில் பெயர் எழுதியிருக்கிறதே, உங்களுக்கு இல்லையே?" என்கிறார். "எங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியும் அம்மணி" என்று பதில் போயிற்றாம்! அதே ஆண்டு பிபிசியின் ஒரு பிரபல நிகழ்ச்சி அவர் வாழ்க்கைக் கதையை எதிர்பாராமல் அவர்முன் விரித்து வைக்கத் திட்டம் போட்டது. தொகுப்பாளர் சிவப்புப் புத்தகத்தோடு நிற்கிறார். இவர் முடியாது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அந்த நிகழ்ச்சிக்கு அப்படி முகத்துக்கு நேரே முடியாது என்ற முதல் ஆள் இவர்தான்.

அப்புறம் முட்டி. 1963 மே மாதம் ராட்டர்டாமில் அட்லெட்டிகோ மாட்ரிட்டை 5-1 என்று சாத்தி ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வாங்கியபோதே வலியோடுதான் ஆடினார். அடுத்த பருவத்தில் முட்டி கையை விரித்துவிட்டது. 1964-ல் ஓய்வு. வயது 38.

இங்கேதான் அமெரிக்கா உள்ளே வருகிறது. 1967-ல் அங்கே புதிதாக ஒரு தொழில்முறைக் கால்பந்து லீக். சிபிஎஸ் தொலைக்காட்சி பணம் போட்டு, வாரா வாரம் காட்டுகிறோம் என்று ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கர்களுக்குக் கால்பந்து புரியாது. விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கூப்பிடு பிளாஞ்ச்ஃப்ளவரை! ஜாக் விடேகர் வர்ணனை, பக்கத்தில் நம்ம ஆள் விளக்கம். ஏப்ரல் 16, பால்டிமோர். பேஸ்பால் ஆடுகிற மைதானத்தில் முதல் ஒளிபரப்பு. பால்டிமோர் 1, அட்லாண்டா 0. அந்த லீக்கின் கணக்கே ஒரு கூத்து: வென்றால் 6 புள்ளி, சமன் என்றால் 3, அதற்குமேல் அடிக்கிற கோலுக்கு ஒன்றாக மூன்று வரை போனஸ். பல்பொருள் அங்காடிச் சலுகைச் சீட்டு தோற்றது, போங்கள்.

பிளாஞ்ச்ஃப்ளவர் பார்த்தார். ஆட்டம் மட்டம். மட்டம் என்றே சொன்னார், நேரலையில்! பணம் போட்டவர்களுக்கு வயிறு கலங்கிவிட்டது. கொஞ்சம் நல்லதாகச் சொல்லுங்களேன், பொருளை விற்க வேண்டாமா என்று காதைக் கடித்தார்கள். அவர் மசியவில்லை. அடுத்த ஆண்டு ஓர் அமெரிக்க விளையாட்டு இதழில் அந்தக் கதையை அவரே எழுதியும் விட்டார். எனக்கு உண்மை ஒன்றே ஒன்றுதான் என்பது கட்டுரையின் சாரம்.

அதைவிடப் பெரிய திரைமறைவுச் சங்கதி ரெஃபரியின் தோளில் இருந்தது. கால்பந்தில் 45 நிமிடம் நிற்காமல் ஓட்டம். விளம்பரத்தை எங்கே செருகுவது? பீட்டர் ரோட்ஸ் என்ற ரெஃபரிக்குத் தோளில் ஒரு பீப் கருவியை மாட்டிவிட்டார்கள். பீப் கேட்டால் விசில்! ஆட்டம் நிற்கும், சோப்பு ஓடும். 1967 மே மாதம் டொராண்டோவும் பிட்ஸ்பர்கும் ஆடிய ஆட்டத்தில் 21 ஃப்ரீ கிக். அதில் 11 விளம்பரத்துக்காகவே ஊதியது என்று ரோட்ஸே ஒப்புக்கொண்டதாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. கீழே விழாதவனுக்கு ஃபவுல்! 1968-க்குப் பிறகு சிபிஎஸ் கடையைக் கட்டிக்கொண்டது.

இங்கிலாந்தில் கதை வேறு. 1970 உலகக் கோப்பைக்கு ஐடிவி நாலு பேரை ஒரு மேசையில் உட்காரவைத்துச் சண்டை போடவிட்டது. அதில் ஒருவர் பாப் மெக்நாப். இங்கிலாந்து அணியின் கடைசிப் பட்டியலில் பெயர் விடுபட்ட ஆள். ஆடவேண்டிய போட்டியை ஸ்டூடியோவிலிருந்து அலசினார். ஊர் அந்த நாலு பேரையும் நடிகர்களைப் போலக் கொண்டாடியது. இன்றைக்கு நாம் பார்க்கிற எல்லா மேசையும் அந்த மேசையின் பேரப்பிள்ளைதான்.

கிரிக்கெட்டில் இன்னும் கிட்டத்து உதாரணம் உண்டு. 2014 டிசம்பர், அடிலெய்ட் டெஸ்ட். ஆஸ்திரேலிய கேப்டன் மைக்கேல் கிளார்க் முதுகு வலியோடு சதம் அடித்தார், கடைசி நாளில் தொடையின் பின்தசை கிழிந்தது. ஸ்டீவ் ஸ்மித் கேப்டன் ஆனார். அந்தத் தொடர் முடிவதற்குள்ளேயே கிளார்க் சேனல் நைனின் வர்ணனை அறையில்! தன் அணியை, தன் இடத்தில் நிற்கிறவனை, அவர் அலச வேண்டும். யோசித்துப் பாருங்கள் அந்தத் தர்மசங்கடத்தை. மூன்று மாதம் கழித்து, 2015 மார்ச் 29, மெல்போர்னில் 74 ரன் அடித்து உலகக் கோப்பையைத் தூக்கினார் என்பது வேறு கதை.

மைக் கிடைக்காத கேப்டன்களும் இருக்கிறார்கள், பாவம். 2002 உலகக் கோப்பையில் பிரேசில் கேப்டன் எமர்சன், முதல் ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் விளையாட்டாகக் கோல்கீப்பர் நின்று தோளை இறக்கிக்கொண்டார். கேப்டன் பட்டையும் கோப்பையும் கஃபூ கைக்குப் போயின. 2016 யூரோ இறுதியில் ரொனால்டோ 25-வது நிமிடத்தில் அழுதுகொண்டே வெளியேறி, பிறகு கோட்டோரத்தில் நின்று கத்திய கத்தல் இருக்கிறதே! அவர் கையில் மட்டும் மைக் இருந்திருந்தால் அந்த இரவின் சிறந்த வர்ணனை அதுவாகத்தான் இருந்திருக்கும். 109-வது நிமிடத்தில் எடர் கோல் போட்டார், போர்ச்சுகல் வென்றது.

எங்கள் தென்காசிப் பக்கம் இந்த ஏற்பாட்டுக்கு சிபிஎஸ் தேவைப்படவில்லை. கோயில் கொடை சமயத்தில் கபடி நடக்கும் ஊர்களில் போய்ப் பாருங்கள். டியூப் லைட் கட்டிய களத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் மைக்கோடு இருப்பார். பெரும்பாலும் முன்னாள் ரைடர். முட்டிதான் அவரை அங்கே உட்காரவைத்திருக்கும். "ஏலே, போனஸ் கோட்டைப் பாருலே!" என்று தன் ஊர்ப் பையனையே திட்டுவார். நன்கொடை கொடுத்தவர் பெயரையும் இடையில் வாசிப்பார். பீப் கருவி இல்லாமலே விளம்பரம்!

இந்த ருசிதான் நம் தமிழ்க் கால்பந்து வர்ணனைக்கு இன்னும் கூட வேண்டும். 2021-ல் யூரோ தமிழில் வந்தது. 2022-ல் உலகக் கோப்பையும் ஜியோ சினிமாவில் தமிழ் பேசியது. சந்தோஷம். ஆனால் உற்சாகம் வழிகிற அளவுக்கு அங்கே உள்குத்து இல்லை. எல்லா ஆட்டமும் "அருமையான ஆட்டம்". வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்து, முட்டி போய், வாய் மட்டும் மிஞ்சிய ஒருவரை அந்த மேசையில் உட்காரவைத்து, காதுக்குள் எண்ணுகிறவரிடம் "இன்றைக்கு இவரைத் தடுக்காதே" என்று சொல்லிவிட வேண்டும். டிஆர்பி தானாக ஏறும்.

2026-ல் உலகக் கோப்பை அதே அமெரிக்காவுக்கு, கனடா, மெக்சிகோவோடு சேர்ந்து போகிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள், ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, அதாவது அப்பட்டமான சாரல் காலம். ஒவ்வொரு பாதியிலும் 3 நிமிடம் தண்ணீர் இடைவேளை, வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு என்று ஃபிஃபா அறிவித்திருக்கிறது. வீரர்களின் உடல்நலத்துக்காம்! ரோட்ஸின் பீப் கருவி சட்டப் புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்கிறேன் நான். அந்த மூன்று நிமிடத்தில் ரிமோட்டைத் தேடாதீர்கள், யாராவது ஒரு பழைய கேப்டன் உண்மையைச் சொல்லித் தொலைக்கக்கூடும். இறுதி ஆட்டம் நமக்கு ஜூலை 20 அதிகாலை 12.30 மணிக்கு.