நின்ற செல்லை யார் கிளப்பிவிடுவது?

தங்காக் என்றாலே ஜொகூர்க்காரர்களுக்குத் துணிக்கடைதான் நினைவுக்கு வரும். அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் துணியில் கிழிசலைப் பார்த்தால் உடனே காலை எடுத்துவிடுவார். கிழிசலைச் சரிசெய்தாயிற்று என்பதற்காக மெஷின் தானாக ஓடிவிடாது. மறுபடி மிதிக்க வேண்டும். நம் உடம்பின் செல்களும் அப்படித்தான்.

டி.என்.ஏ. அறுந்தால் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். இதற்கென்றே ஒரு காவல் ஏற்பாடு உண்டு என்பதை 1988இல் டெட் வைனர்ட்டும் லீலண்ட் ஹார்ட்வெலும் ஈஸ்டில் காட்டினார்கள். செல் பிரிவு ஆய்வுக்காக 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஹார்ட்வெல் ஒருவர்.

நிறுத்தம் இப்படி நடக்கிறது. செல்லைப் பிரிவுக்குள் தள்ளும் நொதி சி.டி.கே.1. அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி முடக்கிவைப்பது வீ1 என்ற புரதம். அந்தப் பாஸ்பேட்டை எடுத்து விடுவிப்பது சி.டி.சி.25. டி.என்.ஏ. அறுந்த செய்தி ஏ.டி.எம்., ஏ.டி.ஆர். என்ற நொதிகள் வழியாகச் செக்1, செக்2 புரதங்களுக்குப் போகிறது. அவை சி.டி.சி.25இன் கையைக் கட்டிவிடுகின்றன. பூட்டு பூட்டியபடியே இருக்கும்.

பழுது சரியானதும் பூட்டு தானே திறந்துகொள்ளாதா? இல்லை என்று 2004இல் நெதர்லாந்தில் ரெனே மெதமா குழுவினர் காட்டினார்கள். பி.எல்.கே.1 என்ற புரதத்தைக் குறைத்தாலும், சேதமில்லாத செல்கள் பிரிவுக்குள் நுழைந்தன. சேதப்பட்டு நின்ற செல்களோ அது இல்லாமல் கிளம்பவே இல்லை. பி.எல்.கே.1ஐ அரோரா-ஏ என்ற நொதி போரா என்ற புரதத்தின் துணையோடு எழுப்பிவிடுகிறது. எழுந்ததும் அது வீ1ஐயும், செக்1க்குத் துணைநிற்கும் கிளாஸ்பினையும் அழிக்க வேண்டியவை என்று குறியிட்டுவிடுகிறது. செல்லின் குப்பை எந்திரம் அவற்றை நொறுக்குகிறது. விப்1 என்ற இன்னொரு நொதி, அபாயக் குறியாக ஒட்டப்பட்டிருந்த பாஸ்பேட்டுகளைத் துடைத்தெடுக்கிறது.

இந்த ஆய்வில் நம்மவர் பெயரும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த அசோக் வெங்கிட்டராமன், பின்னாளில் ஜொகூரை ஒட்டிய சிங்கப்பூரில் புற்றுநோய் அறிவியல் கழகத்துக்கு இயக்குநரானவர். அவருடைய கேம்பிரிட்ஜ் குழு 2004இல், டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் பி.ஆர்.சி.ஏ.2 புரதத்தின்மேலும் இதே பி.எல்.கே.1 பாஸ்பேட் வைப்பதையும், சேதம் ஏற்பட்டால் அது தடைபடுவதையும் தெரிவித்தது.

எனக்கு வியப்பாக இருப்பது ஈஸ்ட் காட்டும் துணிச்சல். பழுது தீராமலேயே, பல மணி நேரம் காத்திருந்துவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்று பிரிந்துவிடும். அதற்கும் பி.எல்.கே.1இன் உறவான சி.டி.சி.5 தேவை. ஒற்றைச் செல் உயிருக்கு இது கடைசி வாய்ப்பு. மனித உடம்பில் இப்படி ஒரு செல் கிளம்பினால், உடைந்த குரோமோசோம்களோடு புற்றுநோய்க்கு வழி திறக்கலாம். சில மார்பகப் புற்றுகளில் விப்1 அளவுக்கு மீறிப் பெருகியிருப்பது தற்செயல் அல்ல.

கதிர்வீச்சு சிகிச்சையின் கணக்கும் இங்கேதான். வழக்கமான ஒரு வேளை அளவு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அது ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் 70, 80 இடங்களில் அறுக்கும். நல்ல செல் நின்று, தைத்து, பிறகு கிளம்பும். காவல் கெட்ட புற்றுச் செல் பலவும் அரைகுறையாகக் கிளம்பி மடியும். வாரம் ஐந்து நாள், சிறிது சிறிதாகக் கொடுப்பது இதனால்தான். இடைவெளி நீண்டால் தப்பிய புற்றுச் செல்கள் மறுபடி பெருகத் தொடங்கும். ஆகவே தங்காக்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கோ மலாக்காவுக்கோ சிகிச்சைக்குப் போகிறவர்கள், தூரம் என்று ஒரு நாளையும் விட்டுவிடாதீர்கள். தவறினால் உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.