நாகரும் அவர்தம் பழம்பதிகளும்

தன் வரலாற்றைத் தானே எழுதி வையாது மறைந்த மக்களினத்திற்குப் பிறர் எழுதியதே வரலாறாகிவிடுகின்றது. மேலைத் தேயத்துக் கானானியர் இதற்குத் தக்க சான்றாவர். விவிலியத்தின் பழைய ஏற்பாடு அவர்களைப் பகைவராகவும் பொய்த்தெய்வந் தொழுவோராகவும் காட்டிற்று. நெடுங்காலம் உலகம் அதனையே நம்பியிருந்தது. 1928 ஆம் ஆண்டு சிரியாக் கடற்கரையில் உழவன் ஒருவனது கலப்பை பழங்கல்லறை ஒன்றன் மூடுகல்லில் இடறிற்று. மறு ஆண்டு பிரெஞ்சு அறிஞர் குளோட் சேபர் அதனருகேயுள்ள றாஸ் சம்றா என்னும் மேட்டை அகழத் தொடங்கினார்; உகாரித்து என்னும் நகரம் வெளிப்பட்டது. கானானியரோடு மொழியாலும் வழிபாட்டாலும் நெருங்கிய உறவுடைய அந்நகர மக்கள் களிமண் ஏடுகளிலே தம் தெய்வங்களைப் பற்றித் தாமே பேசினர். விவிலியம் இகழ்ந்த பாகால், அவ்வேடுகளில் மழை தருந் தெய்வம். வானம் பார்த்து விதைக்கும் வன்னி உழவனுக்கு அத்தெய்வத்தின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஈழத்து நாகர் நிலையும் ஏறத்தாழ இதுவேயாம். அவர்களைப் பற்றி மகாவமிசம் கூறும், மணிமேகலை கூறும். மணியாசனம் ஒன்றின் பொருட்டு நாக அரசர் இருவர் போருக்கெழுந்தனர் என்றும், புத்தர் தோன்றிப் பகை தணித்தார் என்றும் பாளி நூல் கதை சொல்ல, தமிழ்க் காப்பியமும் மணிபல்லவத்துப் பீடிகையை வைத்து அதனையொத்த கதையைச் சொல்கின்றது. இரு நூல்களும் பௌத்தஞ் சார்ந்தவை. இரண்டிலும் நாகர் பிறர் கதையில் வந்து போகும் மாந்தரே. பாம்புருவினர் என்றும் பாதலத்து உறைவோர் என்றும் பிற்காலத்தார் கற்பித்தமையால் அவர் மனிதரே அல்லர் என எண்ணுவாருமுளர். நாகத்தைத் தம் குலக்குறியாகக் கொண்டு வழிபட்ட மக்களே நாகர் எனப்பட்டனர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. புளியங்குளத்தை அடுத்த புதூர் நாகதம்பிரானை வணங்கிவரும் நம்மவர்க்கு இக்கொள்கை விந்தையாகத் தோன்றாது.

இனிக் கல்லின் சான்றை நோக்குவாம். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலே துறவியர் தங்குதற்கென அளிக்கப்பட்ட கற்குகைகளும், அவற்றின் விளிம்பிற் பொறித்த பிராமிச் சாசனங்களும் உள. அவை கிறித்துவுக்கு முற்பட்டவை. பேராசிரியர் பரணவிதான 1970 இல் வெளியிட்ட இலங்கைச் சாசனத் தொகுதியின் முதற் பாகத்தில் அவற்றைக் காணலாம். அவற்றுட் சில, நாக என்னும் அரசனின் மகளும் உதி என்னும் அரசனின் மனைவியுமாகிய அபி அனுராதியைக் குறிப்பன. புராணத்து நாகராசன் இங்கே மகளும் மருமகனும் உடைய மன்னனாக நிற்கின்றான்! உதி என்பான் அநுராதபுரத்து உத்தியனே என்பாரும், வன்னிப் பகுதியில் ஆண்ட குறுநில மன்னன் என்பாரும் உளர். குகைகள் அமைந்த இடத்தை நோக்கப் பின்னையதே எமக்குப் பொருத்தமாகப் படுகின்றது. அவ்விடத்திலேயே வேறிரு சாசனங்கள் விசாகன் என்னும் வணிகக் குடும்பத் தலைவனைக் கூறுகின்றன. அவன் பெயர்க்கு முன்னுள்ள அடைமொழி ‘தமெட’, அஃதாவது தமிழன்.

இச்சாசனங்களின் மொழி பிராகிருதம். கொடையைப் பெற்றோர் பௌத்தத் துறவியர். கொடுத்தோருள் நாக அரசன் மகளும் உளள். தமிழ் வணிகனும் உளன். இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்குவார் இன்று அரியர். ஒரு சாரார் குகையையும் மொழியையும் கண்டு, தமிழர்க்கு இங்கு இடமில்லை என்பர். மற்றொரு சாரார் ‘தமெட’ என்ற சொல்லை மட்டும் பெயர்த்தெடுத்துப் பௌத்தத்தை மறைப்பர். இருசாராரும் சாசனத்தின் பாதியையே படிக்கின்றனர். இது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. நெடுங்கேணியை அடுத்த வெடுக்குநாறி மலையிலும் பிராமி எழுத்துகள் உள. மக்கள் வழிபடும் ஆதிலிங்கேசுவரர் கோயிலும் உளது. 2023 ஆம் ஆண்டு அங்கிருந்த திருவுருவங்கள் பெயர்த்தெறியப்பட்டமை யாவரும் அறிந்ததே.

அரசன் இருந்தான் எனின் ஊர் எங்கே என்ற வினா எழும். வடபுலத்தில் நகர் எனத்தக்க அழிபாடு கடலேரிக்கு அப்பால் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் உண்டு. அதனைப் போல் பீரிஸ் 1917 ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தார். 1970 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். பௌத்தச் சின்னங்கள் தோன்றுதற்கு முன்னரே, தென்னிந்தியப் பெருங்கற்காலத்தாருடையவற்றை ஒத்த மட்கலங்களைப் பயன்படுத்திய மக்கள் அங்கு வாழ்ந்தமை தெரிய வந்தது. கடலேரிக்கு இப்பால், கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியிலும் அத்தகைய கலத்துண்டுகளையும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் கண்டெடுத்து, 1993 இல் நூலாக வெளியிட்டார். அவற்றுட் பல நிலத்தின் மேற்பரப்பிலேயே கிடந்தவை என்பது கருதத்தக்கது. வன்னியில் அகழப்படாத மேடுகள் இன்னும் பல. போர்க்காலத்து மண்ணணைகளும் பின்னர் வந்த மண்ணகழ் பொறிகளும் எத்தனை மேடுகளைப் புரட்டினவோ!

ஆதலின் மாணாக்கர் அக்கலத்துண்டை இனங்காணப் பழகுதல் நன்று. அதன் உட்புறமும் விளிம்பும் கருமை, வெளியே செம்மை. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடுங்கால், உள்ளே காற்றுப் புகாமையாற் கருமையும் வெளியே காற்றுப் படுவதாற் செம்மையும் உண்டாகும் என்பர். வயலிலோ குளக்கட்டிலோ அத்தகைய ஓடு தென்படின், அதனை எடுத்து வீட்டிற்குக் கொண்டுசெல்லாது, கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் அறிவித்தல் வேண்டும். இடம் பெயர்ந்த ஓட்டிலிருந்து ஆராய்ச்சியாளர் அறியக்கூடியது மிகச் சிறிதே.