மைதானத்துக்குச் சொந்தக்காரர்கள்

இங்கிலாந்தின் கால்பந்தாட்டம் என்றதும் மான்செஸ்டரும் லிவர்பூலும் கோடிக்கணக்கான பவுன்களுமே நம் பத்திரிகைகளை நிரப்புகின்றன. ஆனால் முதல் நான்கு பிரிவுகளில் ஆடும் 92 சங்கங்களுக்குக் கீழே, பகலில் தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்களைக் கொண்டு, ரசிகர்களின் நுழைவுக் கட்டணத்தையும் ஊர்ப் பிரமுகர்களின் தயவையும் நம்பி நடக்கும் நூற்றுக்கணக்கான சிறு சங்கங்கள் படிப்படியாக இருக்கின்றன. ஜெயித்தால் மேல் படிக்கு ஏறலாம். தோற்றால் இறங்க வேண்டியதுதான். 'நான்-லீக்' என்று அழைக்கப்படும் இந்தக் கீழ்ப்படிகளில் ஒன்றில் நிற்பதுதான் பஞ்சாபியர் ஸ்தாபித்த ஸ்போர்ட்டிங் கால்சா.

பர்மிங்ஹாமுக்கு அருகில், வுல்வர்ஹாம்டனுக்கும் வால்சாலுக்கும் நடுவே, பூட்டுத் தொழிலுக்குப் பேர்போன வில்லன்ஹால் நகரத்தில் இச்சங்கத்தின் மைதானம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இப்பிரதேசத்து வார்ப்படச் சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது பஞ்சாபின் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், தலைப்பாகையோடு பஸ் ஓட்டும் உரிமைக்காகவே வுல்வர்ஹாம்டனில் 1967 முதல் 1969 வரை போராட வேண்டியிருந்தது. அந்நகரத்தின் பார்லிமெண்ட் அங்கத்தினரான ஈனாக் பவல் குடியேற்றத்தை எதிர்த்துத் தம் பிரசித்தமான பிரசங்கத்தைச் செய்ததும் அதே காலத்தில், 1968இல்தான். அப்படிக் குடியேறிய பஞ்சாபியரின் பிள்ளைகளுக்குப் பந்தாட்டத்தில் ஆசை குறைவாக இருக்கவில்லை. குருத்வாராக்களைச் சார்ந்த அணிகளும் கோடைக்கால விளையாட்டு விழாக்களும் பெருகின. ஆனால் பெரிய சங்கங்களுக்கு ஆள் பொறுக்கும் கண்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. 'ஆசியர்களுக்குக் கால்பந்து ஆட வராது' என்ற பரிகாசத் தலைப்போடு 1996இல் ஓர் ஆய்வறிக்கையே வெளிவந்ததென்றால், அந்த அலட்சியம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

1991இல் பிறந்த ஸ்போர்ட்டிங் கால்சா செய்த காரியங்களில் என் அபிப்பிராயத்தில் தலையாயது, பெற்ற வெற்றி எதுவுமன்று. 2010இல் வில்லன்ஹால் டவுன் சங்கம் ஆடிவந்த நூஸ் லேன் மைதானத்தை விலைக்கு வாங்கியதே. படியேறும் சங்கத்துக்கு ஆட்டத் திறமை மட்டும் போதாது: இரவு விளக்குகள், பார்வையாளர் மண்டபம், உடை மாற்றும் அறைகள், மைதானத்தைச் சுற்றி வேலி என்று ஒவ்வொரு படிக்கும் சட்டதிட்டங்கள் உண்டு. பூங்காத் திடலில் வாடகைக்கு ஆடும் அணி எத்தனை கோல் போட்டாலும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கும். கிழக்கு லண்டனில் வங்காளதேசத்தார் 1996இல் தொடங்கிய ஸ்போர்ட்டிங் பெங்கால் யுனைடெட் சங்கம்கூடப் பொது ஸ்டேடியமான மைல் எண்டில் ஆடித்தான் காலம் தள்ளியது.

சொந்த நிலம் வந்த பின் பலனும் வந்தது. 2015இல், மேலிருந்து ஒன்பதாம் படியில் இருந்த கால்சா, 1871 முதல் நடந்துவரும் எஃப்.ஏ. கோப்பைப் பந்தயத்தில் நான்காவது தகுதிச் சுற்றுவரை முன்னேறியது. அதிலும் ஜெயித்திருந்தால் தொழில்முறைச் சங்கங்கள் பிரவேசிக்கும் முதல் சுற்றிலேயே இடம் கிடைத்திருக்கும். மூன்று படிகள் மேலிருந்த எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். 2021இல் எட்டாம் படிக்கு உயர்ந்தார்கள்.

களத்தில் இறங்கும் பதினொருவரில் பஞ்சாபியர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். வெள்ளையரும் கறுப்பரும் அங்கே தாராளமாக ஆடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஆட்டக்காரர் வருவார், போவார். நிலமும் நிர்வாகமும் கணக்குப் புஸ்தகமும் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் விஷயம். ஆசியர் சிலர் மேலேயும் ஏறத்தான் செய்தார்கள்: பக்கத்துப் பிரியர்லி ஹில்லில் பிறந்து, பஞ்சாபித் தகப்பனாருக்குப் பிள்ளையான டானி பாத், வுல்வர்ஹாம்டனின் பெரிய சங்கமான வுல்வ்ஸ் அணிக்கே தலைவராக இருந்தார். ஆனால் மைதானத்தின் சாவி வேறு சங்கதி.

பர்மிங்ஹாம் பக்கம் போகும் வாசகர்கள், பந்தயப் பருவத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நூஸ் லேன் மைதானத்துக்குப் போய்ப் பார்க்கலாம். பிரீமியர் லீக் பந்தயத்தைவிட டிக்கெட் விலை மிகவும் குறைவு.