16 அடி சுவருக்கு 4 பேனலா, 5 பேனலா? பணம் போறது அங்கதான்!

சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா சேர்த்த பணத்துல, நீங்களும் ஒரு ஃப்ரெண்டும் சேர்ந்து கருவடிக்குப்பத்துல சின்னதா ஒரு கஃபே போடறீங்கன்னு வச்சுக்குவோம். வாடகைக் கடை. அட்வான்ஸ், ஃப்ரிட்ஜ், டேபிள்னு முக்கால்வாசிப் பணம் போயாச்சு. பின்பக்கம் 16 அடி அகலம், 9 அடி உயரத்துல ஒரு வெறும் சுவர். அதுல முழுசா ஒரு வினைல் படம் ஒட்டணும்.

டிசைனுக்கு இங்க பஞ்சமே இல்ல. பாரதியார் 1908-லேர்ந்து 1918 வரை புதுச்சேரியில இருந்தார். அவரோட குயில் பாட்டோட சேர்த்துப் பேசப்படற குயில் தோப்பு கருவடிக்குப்பத்துலதான் இருக்கு. மாமரம், குயில், முண்டாசு... டிசைன் ரெடி. இப்ப கணக்குக்கு வருவோம்.

கொட்டேஷன்ல என்ன எழுதல?

கணக்குக்காக சதுர அடி 80 ரூபாய்னு எடுத்துப்போம். 16 × 9 = 144 சதுர அடி. 11,520 ரூபாய். நீங்க மனசுல குறிச்சுக்கற தொகை இதுதான். ஆனா படம் ஒரே ஷீட்டா வராது. 4 அடி ரோல்ல நெடுக்குவாட்டுல பேனல் பேனலா பிரிண்ட் ஆகி வரும்.

4 அடின்னா 48 இன்ச். ஓரம் போக பிரிண்ட் ஆகறது சுமார் 47. பக்கத்துப் பேனல் மேல 1 இன்ச் ஏறணும். அதனால முதல் பேனல் 47 இன்ச், அடுத்த ஒவ்வொண்ணும் 46 இன்ச்தான் மூடும். 4 பேனல் போட்டா 185 இன்ச். உங்க சுவர் 192 இன்ச். வெறும் 7 இன்ச்சுக்காக ஐந்தாவது பேனல்!

மேலயும் கீழயும் வெட்டி எடுக்க 3 இன்ச் கூடுதலா விடணும். அப்ப உயரம் 9.5 அடி.

• 5 பேனல்: 190 சதுர அடி, 15,200 ரூபாய்
• 4 பேனல்: 152 சதுர அடி, 12,160 ரூபாய்

ரெண்டு பக்கமும் 4 இன்ச் பெயின்ட் பார்டரா விட்டுட்டா படத்துக்கு 184 இன்ச் போதும். 4 பேனல்ல முடிஞ்சுடும். 3,040 ரூபாய் மிச்சம். பார்டர் பிடிக்கலைன்னா, ஐந்தாவது பேனல்ல 3 அடிக்கு மேல சும்மா கிடக்கற இடத்துல மெனு போர்டு, க்யூஆர் ஸ்டிக்கர் எல்லாம் பிரிண்ட் பண்ணிக்கோங்க.

அதனால முதல் கேள்வி: "பில் சுவர் அளவுக்கா, மெட்டீரியல் அளவுக்கா?"

ஜாயின்ட்ல ஏமாறாதீங்க

"ஓவர்லேப் வேண்டாம் சார், ஒட்டி ஒட்டி வச்சிடலாம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. விலை குறைஞ்ச வினைல் நாள்பட கொஞ்சம் சுருங்கும். ஜாயின்ட் விலகி, நடுவுல சுவர் கோடா தெரியும்.

எல்லா பேனலும் ஒரே ரோல்ல, ஒரே தடவையில பிரிண்ட் ஆகணும். ஒண்ணு கிழிஞ்சு, பத்து நாள் கழிச்சு மறுபடி அடிச்சா கலர் லேசா மாறும். பச்சை, நீலம் மாதிரி பிளெய்ன் கலர்ல அது பளிச்னு தெரியும். அப்படி பிளெய்ன் கலரா இருந்தா, ஒண்ணு விட்டு ஒரு பேனலைத் தலைகீழா பிரிண்ட் பண்ணச் சொல்லுங்க. மெஷினோட ஒரே ஓரத்துல வந்த கலர்கள் ஜாயின்ட்ல பக்கத்துல பக்கத்துல உட்காரும்.

ஜாயின்ட் எங்க விழுதுன்னு பிரிண்டுக்கு முன்னாடியே பாருங்க. பாரதியோட கண்ணு மேல கோடு விழக்கூடாது இல்லையா!

எக்கோ சால்வென்ட் இங்க்னா, பிரிண்ட் ஆனதும் குறைஞ்சது ஒரு நாள் காயவிட்டுத்தான் லேமினேஷன். அவசரப்பட்டா உள்ள மாட்டின சால்வென்ட் பசையை இளக்கி, ஓரம் தூக்கிக்கும்.

சுவர் உங்களோடது இல்ல

புது பெயின்ட்னா ஒரு மாசம் பொறுங்க. கையால தடவினா மாவு மாதிரி வர்ற சுண்ணாம்பு, டிஸ்டெம்பர்ல வினைல் நிக்காது. ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவருக்கும் அதே கதைதான். கடலோர ஊர், இதைக் கட்டாயம் பாருங்க. ஒரு சின்னத் துண்டை ஒட்டி, ஒரு நாள் கழிச்சு உரிச்சுப் பாருங்க. பெயின்ட்டும் சேர்ந்து வந்தா, கடையைக் காலி பண்ற அன்னைக்கு அந்தச் செலவு உங்க அட்வான்ஸ்லதான் கழியும். படம் ஒட்ட ஓனர் சம்மதத்தை அக்ரிமென்ட்லயே ஒரு வரி எழுதிடுங்க. ஒட்டறதுக்கு முன்னாடி சுவரை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

பணம் எப்படிக் கொடுக்கறது?

முழுசா அட்வான்ஸ் வேண்டாம். பிரிண்டுக்கு ஒரு பங்கு. பேனலை எல்லாம் தரையில வரிசையா விரிச்சு கலர் பார்த்த பிறகு ஒரு பங்கு. ஒட்டி ரெண்டு நாள் கழிச்சு, ஓரம் தூக்கலைன்னா மிச்சம். ஏன்னா தரையில இருக்கற வரைக்கும் தப்பான பேனலைத் திருப்பிக் கொடுக்கலாம். சுவர்ல ஏறிட்டா அது உங்க தலையிலதான்.

80 ரூபாயை 75 ஆக்க அரை மணி நேரம் பேரம் பேசறோம். 152 சதுர அடிக்கு அதுல மிச்சம் 760 ரூபாய். ஒரு டேப் எடுத்து சுவரை நீங்களே அளந்தா அதுக்கு நாலு மடங்கு. முதல்ல டேப்பை எடுங்க, அப்புறம் பேரம் பேசுங்க!