முதல் ரவுண்டிலேயே ஏன் மூச்சு முட்டுகிறது?

ஓட்டம் எவ்வளவு சின்னதோ, அதற்கு முன்னால் உடம்பைத் தயார்பண்ண அவ்வளவு அதிக நேரம் வேண்டும். உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுக்க இதைச் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும், புதுக்கோட்டை மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்கு விடிகாலையில் வருகிற பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னதும் யாரும் நம்புவதில்லை. காவலர் தேர்வுக்குத் தயாராகும் பெண் பிள்ளைகள், "நானூறு மீட்டர்தானே சார், அதுக்கெதுக்கு வார்ம்அப்?" என்பார்கள். நானூறு மீட்டர் என்பதால்தான் வேண்டும்.

எங்கள் மாவட்டத்துப் பெண்கள் இரண்டு பேரை வைத்தே இதை விளக்கலாம். கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி இரண்டாவதாக வந்தார். பிறகு பாலினப் பரிசோதனையைக் காட்டி அந்த வெள்ளிப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். செங்கல் சூளையில் வேலை பார்த்த தாய் தகப்பனுக்குப் பிறந்து அந்த உயரத்துக்குப் போன பெண்ணுக்கு நடந்த அநீதி அது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இன்னொருவர் எல். சூர்யா. 2016-ல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். 10,000 மீட்டர் என்றால் டிராக்கில் 25 ரவுண்டு, அரை மணி நேரத்துக்கு மேல். முதல் ரவுண்டு கால் கனத்தாலும் மிச்சமுள்ள ரவுண்டுகளில் உடம்பு வழிக்கு வந்துவிடும். 800 மீட்டருக்கு மொத்தமே இரண்டு ரவுண்டு. அங்கே உடம்பு வழிக்கு வரும் நேரத்தில் போட்டி முடிந்திருக்கும்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். சும்மா நிற்கும்போது இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. முழு வேகத்தில் ஓடும்போது அது 80 சதவீதத்தைத் தாண்டும். குடலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் போகிற ரத்தத்தைக் குறைத்துக் காலுக்குத் திருப்பிவிட வேண்டும். இதயம் வேகமெடுக்க வேண்டும், ரத்தக் குழாய்கள் விரிய வேண்டும். இதெல்லாம் சரியாக இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை தசை கையிருப்பை வைத்து ஒப்பேற்றுகிறது. ஆக்சிஜன் போதாமல் செய்கிற அந்த வேலையின் விளைவுதான் முதல் ரவுண்டிலேயே தொடை இறுகுவதும் மூச்சு முட்டுவதும். "ஸ்டாமினா இல்ல சார்" என்று வருகிற பையன்களில் பலருக்கு ஸ்டாமினா இருக்கிறது. உடம்பை எழுப்பாமல் ஓட விட்டுவிடுகிறார்கள்.

காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். இரண்டு மூன்று நிமிடம் என்பது இந்தக் கணக்கில் எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள்.

சூடும் முக்கியம். ஓய்வில் தொடைத் தசையின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். பத்து நிமிட மெது ஓட்டத்தில் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். சூடான தசைக்கு ரத்தம் ஆக்சிஜனை எளிதாக விட்டுக்கொடுக்கிறது. நரம்பின் கட்டளையும் சீக்கிரம் போய்ச் சேருகிறது. மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்தால் இளகுவதுபோல, மூட்டுக்குள் இருக்கிற திரவமும் சூட்டில் இளகும்.

ஆனால் அரங்கத்தில் நான் பார்ப்பது என்ன? பைக்கை நிறுத்தியதும் ஒரு பையன் நேராகக் குனிந்து கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறான். பின்தொடை ஜில்லென்று இருக்கும்போது அதை இழுத்து என்ன பயன்? ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை வைத்து நடந்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் வார்ம்அப் உண்டு. ஒரு பாதிப் பேருக்கு மட்டும் கூடவே ஸ்ட்ரெச்சிங். 12 வாரப் பயிற்சியில் கால் காயங்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால், அடுத்த சில நிமிடங்களுக்கு அதன் பலம் கொஞ்சம் குறையவும் செய்கிறது. உடம்பு வளைய வேண்டும் என்றால் ஓடி முடித்த பிறகு நிதானமாக இழுங்கள், நான் தடுக்கவில்லை. ஓட்டத்துக்கு முன்னால் உடம்பு கேட்பது அசைவைத்தான்.

நான் செய்யச் சொல்வது எளிது. முதலில் வேகநடை, மூன்று நிமிடம். அப்புறம் பக்கத்தில் ஓடுகிறவரோடு தடையில்லாமல் பேச முடிகிற வேகத்தில் மெது ஓட்டம். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். பிடரியில் கை வைத்துப் பாருங்கள்; ஈரம் தட்டினால் போதும். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் பத்துத் தடவை வீச வேண்டும், அடுத்து பக்கவாட்டில். முழங்காலை உயரத் தூக்கி ஓடும் ஹை நீ, குதிகால் பிட்டத்தைத் தொடுகிற மாதிரி ஓட்டம், நீட்டி வைத்து இறங்கும் லஞ்ச் எல்லாம் இருபது மீட்டர் தூரத்துக்கு. கடைசியில் எண்பது மீட்டர் அளவில் மூன்று நான்கு ஸ்ட்ரைடு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் வேகமாக, இடையில் நடந்து திரும்பி வர வேண்டும். பையன்கள் முதலில் விட்டுவிடுவது இந்த ஸ்ட்ரைடைத்தான். ஓடப்போகிற வேகத்தை உடம்புக்கு ஒரு தடவை காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் விசில் ஊதியதும் அது மிரளும்.

அரை மணி நேரம் நிதானமாக ஓடுகிறவருக்கு இவ்வளவும் வேண்டாம். முதல் கிலோமீட்டரை நடையும் மெது ஓட்டமுமாக வைத்துக்கொண்டால் அதுவே வார்ம்அப்.

காலம் பார்த்துச் செய்யவும் வேண்டும். மார்கழிப் பனியில் கவிநாடு கண்மாய்க் கரையில் ஓடுகிறவர்கள் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செய்யட்டும், ஸ்வெட்டரைச் சீக்கிரம் கழற்ற வேண்டாம். சித்திரையில் காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். அப்போது நீளமாக வார்ம்அப் பண்ணினால் ஓட்டம் தொடங்கும் முன்பே உடம்பு கொதித்துப்போகும். அன்றைக்கு நிழலில், பாதி நேரம் போதும்.

நாற்பது தாண்டியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1970-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் தீயணைப்பு வீரர்களை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் திடீரென்று கடுமையாக ஓடவிட்டு இ.சி.ஜி. எடுத்தார்கள். ஆரோக்கியமானவர்கள்தான்; ஆனாலும் பெரும்பாலானவர்களின் பதிவில் இதயத்துக்கு ரத்தம் போதாத அறிகுறி தெரிந்தது. இரண்டே நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு அதே சோதனையைச் செய்தபோது அது வெகுவாகக் குறைந்தது. மருத்துவர் சொன்னார் என்று முதல் நாளே பாய்ந்து ஓடுகிற அண்ணன்மார்கள் இதை மனதில் வையுங்கள். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது, நேரே மருத்துவமனை.

தேர்வு நாளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இருட்டோடு மைதானத்து வாசலில் வரிசை கட்டுகிறார்கள். சான்றிதழ் பார்த்து, உயரம், மார்பளவு எடுத்த பிறகுதான் ஓட்டம். வந்ததும் உற்சாகமாக வார்ம்அப் செய்துவிட்டு, இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்து, அப்படியே எழுந்து கோட்டில் போய் நிற்கிறார்கள். ஏற்றிய சூடு கால் மணி நேரம் சும்மா இருந்தாலே இறங்கத் தொடங்கிவிடும். தேர்வுக்குப் போகிற பிள்ளைகளே, காத்திருக்கும் நேரத்தில் உடம்பை மூடி வையுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உங்களுக்கு முந்தைய அணி ஓட இறங்கியதும் எழுந்துவிடுங்கள். ஓட இடம் விடமாட்டார்கள். நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி மெதுவாக ஓடலாம், காலை வீசலாம், பாதி உட்கார்ந்து எழலாம். பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று கூச்சப்படாதீர்கள். பிடரி ஈரமாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.